மிச்சப் பணமும் உப்புக்காற்றும்

"நகராட்சிக் கணக்குல கோடிக்கணக்குல பணம் சும்மா கிடக்குதாம். அதை எடுத்து நாலு ஏழைக்கு வீடு கட்டிக் குடுத்தா என்ன?" இராமேஸ்வரம், கீழக்கரை டீக்கடைகளில் அடிக்கடி விழுகிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் பாஸ்புக்கில் தெரிகிற இருப்பு வேறு, வீட்டுக்கு எடுக்கக்கூடிய பணம் வேறு. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. இந்தக் கரையில் அரசு வீடுகள் பாதியில் நிற்பதும், கட்டிப் பத்து வருஷத்தில் தளம் உதிர்வதும் வீட்டு மானியம் குறைவு என்பதால் மட்டும் நடப்பதில்லை. மானியக் கணக்கில் இடம்பெறாத சில சின்னச் செலவுகள் இருக்கின்றன. மிச்சப் பணம் போய்ச் சேர வேண்டியது அங்கேதான் என்பது என் கட்சி.

இதே கேள்வி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெரிய அளவில் எழுந்தது. அங்கே நகரச் சீரமைப்பு முகமைகள் என்று சுமார் 400 இருந்தன. ஒரு பகுதியைச் சீரமைப்புப் பகுதியாக அறிவித்த பிறகு அங்கே கூடுகிற சொத்துவரி முகமைக்குப் போகும். 1976-லிருந்து அதில் 20 சதவீதத்தை எளியோர் வீட்டுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டம். 2011-ல் மாநில அரசு முகமைகளையே கலைத்தது. வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 பிப்ரவரி 1-ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டன. பழைய கடன் அடைத்தது போக மிஞ்சிய வரிப்பணம் நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை) பள்ளிகளுக்கும் பிரிந்து திரும்பியது. 'பூமராங் பணம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சேதுநாட்டுக்காரர்கள் நாம் வளரிப் பணம் என்றே சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வந்த பணத்தில் அந்த 20 சதவீதக் கட்டாயம் மட்டும் காணாமல் போயிருந்தது. ஓக்லாந்து போன்ற சில ஊர்கள் தாமாகவே விதி செய்து ஒரு பங்கை வீட்டுக்கு என்று கட்டிப்போட்டன. கட்டிப்போடாத இடத்தில் அது பொதுச் செலவில் கரைந்தது.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அது வருஷா வருஷம் வருகிற வரி. நம் நகராட்சியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒருமுறை கையில் தங்குகிற பணம். டெண்டரில் மதிப்பீட்டுக்குக் கீழே போன தொகை, கைவிட்ட வேலையின் ஒதுக்கீடு, வைப்புநிதி வட்டி, இப்படி. ஒருமுறைப் பணத்தை நம்பி வருஷா வருஷம் செலவு வைக்கிற வாக்குறுதி கொடுத்தால் இரண்டாம் வருஷமே வீடு லிண்டலில் நிற்கும்.

பாஸ்புக்கில் எது மிச்சம்

தமிழ்நாட்டு நகராட்சிகளில் கணக்கு ஒரே பெட்டி இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி எனத் தனித்தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் அது கடனாகப் பதிவாகும், தணிக்கையில் திரும்பத் திரும்ப எழும். ஆகவே முதல் வேலை, எந்த நிதியில் எவ்வளவு என்று பிரித்து எழுதுவது.

அடுத்தது கழித்தல். ஒப்பந்ததாரர்களின் முன்வைப்புத் தொகையும் பிணைத்தொகையும் இருப்பில்தான் தெரியும். அது நம் பணம் இல்லை. பிடித்து வைத்து இன்னும் கட்டாத ஜிஎஸ்டி 2 சதவீதம், வருமான வரிப் பிடித்தம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் எல்லாம் அதே கணக்கில் உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து பில் வராதவை, வேலை உத்தரவு கொடுத்து ஆரம்பிக்காதவை, வாங்கிய கடனின் அடுத்த தவணைகள், இத்தனையும் கழிக்க வேண்டும். வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல் மாதாமாதம் போடாத அலுவலகத்தில் இந்தக் கணக்கே எடுக்க முடியாது. கொடுத்துவிட்டுப் பணமாகாத காசோலைகளும் இருப்பாகத்தான் தெரியும். கோடியில் ஆரம்பிக்கிற 'மிச்சம்' இவ்வளவையும் கழித்த பிறகு சில லட்சங்களில் வந்து நிற்பது சாதாரணம். அந்தச் சில லட்சம்தான் உண்மையான மிச்சம், அதைப் பற்றித்தான் மேலே பேச்சு.

மத்திய அரசுத் திட்டப் பணம் என்றால் கதை வேறு. 2021 ஜூலை முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே முகமைக் கணக்கு என்று ஆக்கினார்கள். கீழே தங்கியிருந்த செலவாகாத தொகைகள் அந்தக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அந்த மானியத்துக்கு வந்த வட்டியும் பொது நிதி விதிகள் 2017-ன்படி மத்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர வேண்டியது. அம்ருத் குடிநீர்ப் பணியில் மிச்சமானதை வீட்டுக்குத் திருப்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: முடியாது. மன்றத் தீர்மானம் போட்டாலும் முடியாது.

பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் (2021–26) கொஞ்சம் இடம் இருக்கிறது. பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு 40 சதவீதம் கட்டுப்பாடற்றது, 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. பலர் அந்த 40-ஐத்தான் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ கட்டுப்பட்ட 60 சதவீதமே இங்கே அதிகம் உதவும் என்று தோன்றுகிறது. நாற்பது வீடு வருகிற புதுக் குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாய், மழைநீர்த் தொட்டி, கழிவுநீர் வாய்க்கால் எல்லாம் அந்தத் தலைப்புக்குள்ளேயே அடங்கும். அவற்றை அங்கே போட்டுவிட்டால் பொது நிதி வேறு வேலைக்கு விடுபடும்.

தனிநபர் கணக்கில் போடாதே, தரையில் போடு

வீட்டு மானியம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நகர்ப்புறத்தில் பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் சொந்த இடத்தில் பயனாளியே கட்டுகிற பிரிவு. முதல் கட்டத்தில் மத்திய அரசு 1.50 லட்சம், மாநிலம் 60 ஆயிரம், ஆக 2.10 லட்சம். 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்தில் மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம், ஆக 2.50 லட்சம். வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கேயும் காரை வீடு இருக்கக் கூடாது, தளப் பரப்பு 30-லிருந்து 45 சதுர மீட்டர். ஊராட்சிப் பகுதியில் கலைஞர் கனவு இல்லம் என்றால் 3.50 லட்சம், குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். பேஸ்மட்டம், லிண்டல், தளம், நிறைவு என்று நிலைக்கு நிலை படம் எடுத்துத் தவணை விடுவார்கள்.

இதற்கு மேலே நகராட்சி தன் மிச்சத்திலிருந்து ஆளுக்கு ஐம்பதாயிரம் சேர்த்துக் கொடுக்கலாமே? கேட்க நன்றாக இருக்கும். தனிநபருக்குப் பொது நிதியிலிருந்து பணம் கொடுக்க அரசாணை வேண்டும். தீர்மானம் போட்டு அனுப்பினால் கோப்பு நகராட்சி நிர்வாக இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் கழியும். யாருக்குக் கொடுத்தோம், யாரை விட்டோம் என்கிற தகராறு வேறு. பொதுப்பணிக்கு அந்தச் சிக்கல் இல்லை. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர், அளவுப் புத்தகம் என்று வழக்கமான பாதையிலேயே போய்விடும். தரையை மேடாக்குவது, பாதை, சிறுபாலம், தெருவிளக்கு, தண்ணீர், இவை எல்லாம் அதில் வரும்.

தரையை மேடாக்குவது என்றால் என்ன என்பதை அளவோடு பார்க்கலாம். 2 சென்ட் மனை 871 சதுர அடி. மழைக்குத் தண்ணீர் தேங்குகிற இடத்தை 2 அடி உயர்த்த 1,742 கன அடி மண், அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி என்று பதினேழரை யூனிட். இறுக்கிய பிறகு அமுங்குவதற்கு 20 சதவீதம் கூட்டினால் 21 யூனிட். நாற்பது மனைக்கு 840 யூனிட், 3 யூனிட் டிப்பரில் 280 நடை. பயனாளி தன் 2.50 லட்சத்திலிருந்து இதைச் செய்யத் தொடங்கினால் பேஸ்மட்டத் தவணை வருவதற்குள் கைக்காசு தீர்ந்துவிடும். மொத்தக் குடியிருப்புக்கும் ஒரே டெண்டராக நகராட்சி போட்டால் உருளையும் வரும், மட்டமும் ஒன்றாக இருக்கும், தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகாது.

மண்ணில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, பக்கத்துக் கண்மாயின் வண்டலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவது. வயலுக்கு அது பொன். வீட்டுக்கு அடியில் போட்டால் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும், தரை வெடிக்கும். இரண்டாவது, கடற்கரை மணலை பேஸ்மட்டத்துக்குள் நிரப்புவது. சட்டப்படி அள்ளக் கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மணலில் உள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து சுவரில் ஏறும். முதல் வருஷம் பூச்சின் அடிப்பகுதி வெள்ளையாகப் பூக்கும், இரண்டாம் வருஷம் பொரிந்து கொட்டும். கிராவல் அல்லது நல்ல சவுடு போட்டு, அரை அடி அரை அடியாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்ப வேண்டும். சுவர் எழும் முன் 1:3 கலவையில் நீர்த்தடுப்புத் தூள் சேர்த்து முக்கால் அங்குலம் போட்டால் ஓதம் மேலே ஏறாது. செலவு சொற்பம். மதிப்பீட்டில் எழுதாவிட்டால் மேஸ்திரி போட மாட்டார்.

பட்டா, பிறகு கடல்

சொந்த இடத்தில் கட்டுகிற திட்டம் என்பதால் பட்டா இல்லாதவருக்கு வீடு இல்லை. இந்தக் கரையில் அதுவே பெரிய வடிகட்டி. நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம் என்றால் சுலபம். ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை வரன்முறை செய்ய வழி உண்டு. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் கதவு மூடியது. இராமேஸ்வரத்தில் தேவஸ்தான இடத்திலும் கீழக்கரைப் பக்கம் வக்ஃபு இடத்திலும் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் உண்டு. தரை வாடகை ரசீது பட்டா ஆகாது. அவர்களுக்கு வேறு இடத்தில் மனை கொடுப்பதோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடியோதான் வழி. அடுக்குமாடி பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. மூன்றாவது மாடியில் இருப்பவர் அவுட்போர்டு என்ஜினை எங்கே வைப்பார், வலையை எங்கே காயப்போடுவார்? அடியில் பூட்டுப் போட்ட கிட்டங்கி அறைகளை மிச்சப் பணத்தில் கட்டிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். திட்ட வரைபடத்தில் அதற்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள், முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் அடுத்த கதவு. 2011 அறிவிக்கையில் ஊரகக் கரைக்கு உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடத் தடை. ஆனால் 100-க்கும் 200-க்கும் இடையே மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கரையோர மக்களின் வீடுகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். 2019 அறிவிக்கையில் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊரகப் பகுதிகளுக்குத் தடை 50 மீட்டராகக் குறைந்தது. ஏற்கெனவே இருக்கிற அனுமதி பெற்ற வீட்டை அதே அடிப்பரப்புக்குள் திரும்பக் கட்ட இரண்டிலும் இடம் உண்டு. உங்கள் ஊர் எந்த வரைபடத்தில், எந்த வகையில் விழுகிறது என்பதைப் பயனாளிப் பட்டியல் தயாராகும் முன்பே மாவட்டக் கடலோர மண்டலக் குழுவிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பேஸ்மட்டம் போட்ட பிறகு வருகிற தடை நோட்டீஸ்தான் மிக மோசமானது. தவணையும் நிற்கும், இடிக்கவும் மனம் வராது.

உப்பு

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். திட்டத்தின் மாதிரி மதிப்பீடு மதுரைக்கும் மண்டபத்துக்கும் ஒன்றுதான். காற்று ஒன்று இல்லை.

தீவுக்காரர்கள் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். ஐப்பசி முதல் தை வரை வாடை வடகடல் பக்கத்து வீடுகளில் உப்பை அடிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்கடல் பக்கத்தில் அடிக்கும். பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஒடுங்கிய இடங்களுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் உப்புதான். நம் பெரியவர்கள் இங்கே முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். அதற்குள் கம்பி இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை. இன்றைக்குப் பவளப்பாறை பாதுகாக்கப்பட்ட உயிரினம், கை வைக்கக் கூடாது, வைக்கவும் வேண்டாம். கான்கிரீட்டுக்கு மாறியாகிவிட்டது, கம்பியைக் காப்பாற்றத்தான் கற்க வேண்டும்.

கம்பி துருப்பிடித்தால் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். அந்தப் பருமன் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். தளத்தின் அடியில் கம்பிக்கு நேராகக் கோடு விழும், பிறகு தகடாகப் பெயர்ந்து தொட்டிலுக்குள் விழும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் 'கடுமை' வகையில் வைக்கிறது. அந்த வகைக்கு எம்30 கான்கிரீட் (எம் எண் கூடினால் பலம் கூடும்), தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர். மாதிரி மதிப்பீடு பெரும்பாலும் எம்20. கவர் 20.

சிமெண்டை அள்ளிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1:1½:3 கலவையிலேயே ஒரு கனமீட்டருக்குச் சுமார் 8 மூட்டை போகிறது. அளந்து வடிவமைத்த எம்30-க்கு 7 மூட்டை போதும். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. 50 கிலோ மூட்டைக்கு 0.45 என்றால் 22.5 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். தளம் போடுகிற அன்று மிக்சர் பக்கத்தில் நின்று பாருங்கள். பெயிண்ட் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள், கலவை கஞ்சி போல ஓடினால்தான் தள்ளுவதற்குச் சுலபம். முப்பது லிட்டரைத் தாண்டிவிடும். வாளிக்குள் 20 லிட்டரில் ஒரு ஆணிக் கோடு கிழித்து, இரண்டரை லிட்டர் குவளை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. ஓட்டம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் ஊற்றலாம், தண்ணீர் கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். குடிநீருக்கோ வேறு வழியில்லை என்றால் 1,000 வரை பொறுக்கலாம் என்கிறது தரம். அதாவது 'நாங்க குடிக்கிற தண்ணிதானே' என்று போர் தண்ணீரைக் காட்டுகிற வீட்டில், அது குடிக்கத் தேறினாலும் தளத்துக்குத் தேறாமல் போகலாம். நாக்கை நம்ப வேண்டாம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் எண் தெரிந்துவிடும். கம்பி இல்லாத அடிக் கான்கிரீட்டுக்கு 2,000 வரை அனுமதி உண்டு. ஆகவே வானம் தோண்டிப் போடுகிற அடி ஜல்லிக்குச் சப்பைத் தண்ணீர் சமாளிக்கும். கம்பி தொடுகிற இடத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்று பிரித்துவிடலாம்.

அப்படிப் பிரித்தால் கணக்கு எவ்வளவு சின்னது பாருங்கள். 360 சதுர அடி என்றால் 33.4 சதுர மீட்டர். தளம், லிண்டல், பெல்ட், சன்ஷேடு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 6 கனமீட்டர் கம்பிக் கான்கிரீட். கலக்கத் தண்ணீர் 1,000 லிட்டர் அளவில்தான். நீராற்றும் தண்ணீரும் நல்லதாகவே இருக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி 5 சென்டிமீட்டர் நிறுத்த 1,670 லிட்டர். சித்திரை வெயிலில் நாளுக்கு 200 முதல் 270 லிட்டர் ஆவியாகும் என்று வைத்தால் 14 நாளுக்கு இன்னும் மூவாயிரத்துச் சொச்சம். மொத்தமே ஆறேழாயிரம் லிட்டர், 5,000 லிட்டர் டேங்கரில் ஒன்றரை நடை. இவ்வளவுதான் ஒரு தளத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. நகராட்சிக்கு இது ஒரு செலவே இல்லை. பயனாளிக்கு, தளம் போட்ட மறுநாள் டேங்கர் கிடைக்காததால் பக்கத்துக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றுவது வாடிக்கை. தளம் போடுகிற தேதியைப் பணி மேற்பார்வையாளரிடம் பதிந்தால் இரண்டு நடை இலவசம் என்று ஒரு தீர்மானம் போதும்.

கவர் விஷயத்துக்கு வருவோம். நாலரை அங்குலத் தளம் என்பது 115 மி.மீ. 8 மி.மீ. கம்பி, 20 கவர் என்றால் கம்பியின் மையத்துக்கு மேலே 91 மி.மீ. ஆழம் கிடைக்கும். தளத்தின் பலம் அந்த 91-ல் இருக்கிறது. அதே தளத்தில் 45 கவர் வைத்தால் ஆழம் 66 ஆகிவிடும், தாங்குதிறன் கால்பங்குக்கு மேல் போய்விடும். அதனால் 'கவர் கூட்டு' என்று மட்டும் மேஸ்திரியிடம் சொல்வது ஆபத்து. தளத்தை 140-க்கு, ஐந்தரை அங்குலத்துக்கு உயர்த்தினால்தான் அந்த 91 திரும்ப வரும். கூடுதல் எடைக்குக் கம்பி இடைவெளியை உதவிப் பொறியாளர் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கூடுதல் கான்கிரீட் 0.84 கனமீட்டர், சிமெண்ட் ஆறு மூட்டை. ஒரு வீட்டுக்கு ஆறு மூட்டை சிமெண்டும் கொஞ்சம் ஜல்லி மணலும் இல்லாததால்தான் இந்தக் கரையில் தளங்கள் உதிர்கின்றன என்று சொன்னால் மிகை போலத் தெரியும். பெயர்ந்த எந்தத் தளத்தின் அடியிலும் அடிமட்டக் கோலை வைத்துக் கவரை அளந்து பாருங்கள்.

கவர் பிளாக் என்ற பெயரில் கம்பிக்கு அடியில் உடைந்த ஓட்டுச் சில்லையும் கருங்கல் ஜல்லியையும் சொருகுவது இன்னொரு பழக்கம். கால் பட்டதும் நகர்ந்துவிடும், கம்பி பலகையில் படுத்துவிடும். அதே கான்கிரீட் கலவையில் 45 மி.மீ. கட்டையாக அச்சில் வார்த்து, நடுவில் கட்டுக்கம்பி விட்டு, மூன்றடிக்கு ஒன்று கட்ட வேண்டும். நகராட்சி ஒரு சுய உதவிக் குழுவிடம் அச்சும் சிமெண்டும் கொடுத்து மாதம் சில ஆயிரம் கட்டை வார்க்கச் சொல்லலாம். மிச்சப் பணத்துக்கு இதைவிட மலிவான பயன் எனக்குத் தெரியவில்லை.

சென்டரிங்கும் அப்படித்தான். 360 சதுர அடிக்கு 3-க்கு 2 அடித் தகடு 60, முட்டு ஐம்பது அளவில். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு பிரிக்கக் குறைந்தது 7 நாள். கலப்புச் சிமெண்ட் என்றால் கூடுதலாக விடுவது நல்லது. மாட்ட, கம்பி கட்ட, போட, பிரிக்க, கழுவ எல்லாம் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒரு வீடு என்று வைத்தால், தை முதல் புரட்டாசி வரை ஒரு செட் பன்னிரண்டு பதின்மூன்று வீட்டுக்கு ஓடும். ஒருமுறை வாங்கிக் குழுவின் பொறுப்பில் குறைந்த வாடகைக்கு விட்டால் பல வருஷம் ஓடும். வாடகை அதிகம் என்று அவசரமாக முட்டைப் பிரிக்கிற பழக்கமும் குறையும்.

தவணையும் தடைக்காலமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதம் கையில் ஆள் இருக்கும், காசு இருக்காது. வீட்டுத் தவணையை இதற்கு ஏற்ப ஓட்டினால் நல்லது. மழை விட்ட தையில் பேஸ்மட்டம், பங்குனிக்குள் லிண்டல் படம் ஏற்றி அந்தத் தவணை தடைக்கு முன்பே வந்துவிட வேண்டும். தளத்தைத் தடையின் முதல் வாரத்தில் போட்டால் பதினாலு நாள் தண்ணீர் காட்ட வீட்டில் ஆள் இருப்பார்கள். தென்கடல் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கச்சான் முற்றுவதற்குள் கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விட வேண்டும்.

தவணை தாமதம் மதுரையில் எரிச்சல், இங்கே சேதம். லிண்டல் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பில்லர் கம்பி இரண்டு காற்றுக்காலம் வெளியே நின்றால் செதில் செதிலாகக் கையோடு வரும். அதன்மேல் அப்படியே கட்டிப் பூசினால் துருவையும் சேர்த்துப் பூசுவதுதான். வேலை நிற்கும் என்று தெரிந்த உடனேயே சிமெண்ட் பாலை இரண்டு கை அடித்துச் சாக்குச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். ஏற்கெனவே நின்றுபோனவற்றில் கம்பித் தூரிகையால் தேய்த்து, விட்டத்தை அளந்து, மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து மேலே போகலாம்.

தவணை தாமதத்தில் பாதி, பணம் இல்லாததால் இல்லை. ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து. ஆதார் வேறொரு பழைய கணக்கோடு இணைந்திருக்கும், பணம் அங்கே போய் உட்காரும், அந்தக் கணக்கு வருஷக்கணக்கில் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும். பட்டா மாமனார் பெயரில், விண்ணப்பம் மருமகள் பெயரில். நிலைப் படம் எடுக்கும்போது வீடு வேறு கோணத்தில் தெரிந்ததால் நிராகரிப்பு. பட்டியல் இறுதியானதும் ஒரே நாளில் வங்கி, கிராம நிர்வாக அலுவலர், இ-சேவை ஆள் மூவரையும் குடியிருப்பிலேயே உட்கார வைத்து முகாம் நடத்தினால் இவை அங்கேயே தீரும்.

கூரை முடிந்ததும் மழைநீர்த் தொட்டியை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்குச் சுமார் 820 மி.மீ. மழை, 33 சதுர மீட்டர் தளம், ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று கழித்தாலும் 22,000 லிட்டர் நல்ல தண்ணீர் வருகிறது. ஊத்துத் தோண்டிக் குடத்தில் அள்ளுகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

டெண்டரில் மிச்சப் பணம் முழுவதையும் முதல் வருஷமே இறைக்காமல் ஒரு பத்து சதவீதத்தை முதல் மழைக்குப் பிந்திய பழுதுக்கு நிறுத்தி வைக்கலாம். வடகடல் பக்கம் என்றால் மாசியில், தென்கடல் பக்கம் என்றால் ஐப்பசிக்கு முன்னால் ஒரு சுற்று. கையில் அரைக்கிலோ சுத்தியல், தளத்தின் அடியில் அடிக்கு ஒரு தட்டு. கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. டப் டப் என்று பொத்தலாக ஒலித்தால் அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, பூச்சை உரித்துக் கம்பியைப் பார்க்க வேண்டும். சன்ஷேடின் கடல் பக்க விளிம்பில்தான் முதலில் தெரியும்.